பதினெட்டாவது நிமிடம்

சௌந்தரவல்லி டீச்சருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. பல் டாக்டரிடம் போகாததற்குக் காரணம் பயமில்லை. போனால் நாற்காலியில் ஒரு மணி நேரமாவது வாயைத் திறந்துகொண்டு சாய்ந்திருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் கணவரை எங்கே விடுவது?

பத்மநாபனுக்கு எழுபத்தொரு வயது. நூல் மில்லில் ஃபிட்டராக முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். நான்கு வருடமாக அவருடைய ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது. வீட்டில் தனியாக விட்டால் வாசல் கதவை இழுத்துப் பார்ப்பார். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார வைத்தால் எழுந்து யார் பின்னாலாவது போய்விடுவார். காருக்குள் மட்டும் அடங்கி உட்காருவார். முன்பக்க இடது சீட்டில், சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி இருப்பார். ஏன் என்று யாருக்கும் தெரியாது. டீச்சரும் கேட்பதை விட்டுவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை டீச்சர் தன் காரைக் கணபதிப் பகுதியில் இருந்த நாச்சிமுத்துவின் கார் எலக்ட்ரிக்கல் கடைக்குக் கொண்டுவந்தார்.

"உள்ளயும் வெளியயும் தெரியற மாதிரி ஒரு கேமரா போட்டுக் குடு அம்மிணி. நான் பல்லக் காட்டிட்டு இருக்கறப்ப அவர போன்ல பாத்துட்டே இருக்கோணும்."

அம்மிணி என்று அவர் கூப்பிட்டது ரேணுகாவை. இருபத்து மூன்று வயது. பகலில் இந்தக் கடை, மாலையில் பாலிடெக்னிக்கில் பகுதிநேர வகுப்பு. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்க்கிற ரகம். "இந்தப் புள்ளயோட பேரக் கேட்டாக்கூட ஆதார் கார்ட எடுத்துப் பாத்துட்டுத்தான் சொல்லும்" என்று நாச்சிமுத்து கிண்டல் செய்வார். ஆனால் வயர் வேலை என்றால் அவளிடம்தான் கொடுப்பார்.

"சார்ஜர் சொருகற ஓட்டையில மாட்டிக்கலாமுங்களா, இல்ல டைரக்ட் லைன்ல குடுக்கட்டுங்களா?" என்று கேட்டாள் ரேணுகா.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஓட்டையில மாட்டினா வண்டிய ஆஃப் பண்ணினதும் கேமராவும் ஆஃப் ஆயிருமுங். டைரக்ட்டுன்னா பேட்டரியில இருந்து எப்பவும் கரன்ட் வர்ற ஃபியூஸ் ஒண்ணக் கண்டுபிடிச்சு, அதுல இருந்து வயர் இழுத்துருவோம். வண்டி நின்னாலும் கேமரா முழிச்சுட்டே இருக்குமுங்."

"அதுதான் வேணும். சிக்னல் கிக்னல் போச்சுன்னா?"

"போனாலும் படம் நிக்காதுங் டீச்சர். ரோட்டுல போற எல்லா வண்டி கேமராவும் கம்பெனி கம்ப்யூட்டரோட பேசிட்டே இருக்குமுங். நம்ம கேமரா கண்ண மூடினா, மத்த வண்டிங்க பாக்கறத வெச்சு அது தெருவக் காட்டிரும்."

"தெரு சரி. வண்டிக்கு உள்ள?"

ரேணுகா ஒரு கணம் யோசித்தாள். "உள்ளயும் காட்டுமுங். வழக்கமா எப்படி இருக்குமோ, அப்படியே."

கேமரா பெட்டியோடு வருகிற தாளில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. யாருமே யோசித்ததில்லை. நகரத்தில் அப்போது ஓடிய வண்டிகள் எல்லாவற்றிலும் இந்தக் கேமரா வந்துவிட்டது. இடைவெளி இல்லாத படம் இருந்தால்தான் இன்சூரன்ஸ்காரர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். கோர்ட்டும் அதைத்தான் சாட்சியாக எடுத்துக்கொண்டது. இடைவெளி எப்படி இல்லாமல் போகிறது என்பது யாருக்கும் ஒரு விஷயமாகத் தெரியவில்லை.

ரேணுகா ஒவ்வொரு வண்டிக்கும் நோட்டில் நான்கு கட்டம் போட்டு எழுதுவாள். வண்டி எண். ஃபியூஸ் எண். சாவி எடுத்த பின் மீட்டர் காட்டிய வோல்ட் அளவு. எத்தனை நிமிடம் காத்திருந்து அளந்தது. நான்காவது கட்டம்தான் முக்கியமானது. புது வண்டிகள் சாவியை எடுத்ததும் உடனே தூங்குவதில்லை. சில ஃபியூஸ்களில் கொஞ்ச நேரம் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும். உடனே அளந்தால் அது டைரக்ட் லைன் போலவே நடிக்கும். வண்டி முழுக்கத் தூங்கும் வரை அரை மணி நேரம் காத்திருந்து மறுபடி அளந்தால்தான் உண்மை தெரியும். ரேணுகா எப்போதும் முப்பது நிமிடம் காத்திருப்பாள். எப்போதும் முப்பதுதான் என்பதால், நான்காவது கட்டத்தில் முப்பது என்று முதலிலேயே எழுதிவிட்டுக் காத்திருக்க ஆரம்பிப்பாள்.

அன்றைக்கு வேலை முடிந்தபோது ஐந்து மணி பத்து. ஐந்தரைக்கு வகுப்பில் பரீட்சை. பதினேழாம் நம்பர் ஃபியூஸில் மீட்டரை வைத்தாள். பன்னிரண்டு புள்ளி நான்கு. எழுதினாள். பக்கத்துக் கட்டத்தில் முப்பது என்றும் எழுதினாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினாள்.

டீச்சர் செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பல் ஆஸ்பத்திரி வாசலில், புங்க மரத்து நிழலில் காரை நிறுத்தினார். கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டு, கணவரின் சட்டைப் பட்டனைச் சரிசெய்துவிட்டு, பூட்டிக்கொண்டு உள்ளே போனார். நாற்காலியில் சாய்ந்தபடி நான்கு தடவை போனைப் பார்த்தார். நான்கு தடவையும் பத்மநாபன் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே தர்பூசணி வண்டி போனது, ஒரு நாய் மரத்தடியில் வந்து படுத்தது. நான்காவது தடவை அவர் கேமராவைப் பார்த்து லேசாகச் சிரித்தார். வாய் மரத்துப்போயிருந்தாலும் டீச்சரும் சிரித்தார்.

நாலு மணி பன்னிரண்டுக்கு அவர் வெளியே வந்து காரைத் திறந்தபோது சீட் காலியாக இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு எஸ்.ஐ. நல்லசிவம் கடைக்கு வந்தார். நல்ல மனிதர்தான். இரவு முழுக்கத் தூங்காத கண்கள்.

"படத்துல தெளிவா இருக்கு" என்றார். "நாலு பதினொண்ணு வரைக்கும் பெரியவர் உள்ள உக்காந்திருக்கார். அப்புறம் கதவத் திறந்து இறங்கறார். அதே நேரத்துல இந்தம்மா படியில இறங்கி வர்றாங்க. பத்தடி தூரம். ஆனா கேட்டா, நான் பாக்கவே இல்லைங்கறாங்க."

"எப்படிங்க பாக்காம இருப்பாங்க?" என்றார் நாச்சிமுத்து.

"அதான் நானும் கேக்கறேன். நாலு வருஷம் தனி ஆளாப் பாத்திருக்காங்க. மனுஷங்களுக்குச் சலிச்சுப் போறதும் உண்டு. அவரோட தம்பி மகன் நேத்தே ஸ்டேஷன்ல வந்து சத்தம் போட்டுட்டுப் போயிட்டான். அத விடுங்க. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். கேமரா ஒழுங்காத்தான் மாட்டியிருக்கா? நாலு பதினொண்ணுங்கறத நம்பித்தான் நாங்க தேடிட்டு இருக்கோம். அதுக்கப்புறம் அந்தத் தெருவுல ஓடின ஒவ்வொரு கேமராவையும் பாத்துட்டோம். எதுலயும் ஆள் இல்ல."

ரேணுகா நோட்டை எடுத்து நீட்டினாள். பதினேழு, பன்னிரண்டு புள்ளி நான்கு, முப்பது. அவள் கையெழுத்துதான். ஆனால் அந்த முப்பதைப் பார்த்ததும் நோட்டைத் தன் பக்கம் திருப்பி மறுபடி படித்தாள்.

"அண்ணா, அன்னிக்கு எனக்குப் பரீட்சை இருந்துதுங். நான் காத்திருந்தனான்னு..."

"இரு புள்ள" என்று நாச்சிமுத்து தன் போனை எடுத்தார். மாட்டிய வண்டிகளின் முதல் நாள் படம் கடைக்கும் வரும். "அந்த வண்டியே சொல்லுமே."

சனிக்கிழமை, ஐந்து நாற்பத்தொன்று. படத்தில் ரேணுகா வந்தாள். பொறுமையாகக் குனிந்தாள். மீட்டரை வைத்தாள். அளவைப் பார்த்தாள், இன்னொரு முறை பார்த்தாள், நோட்டை எடுத்து எழுதினாள். காதோரம் விழுந்த முடியை மணிக்கட்டால் ஒதுக்கினாள். அவள் அப்படித்தான் ஒதுக்குவாள்.

"இது வேற யாரு, உன்ற அக்காளா?" என்று சிரித்தார் நாச்சிமுத்து.

ஐந்து நாற்பத்தொன்றுக்குத் தான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்ததாக ரேணுகாவுக்கு ஞாபகம். வகுப்பின் வருகைப் பதிவிலும் அவள் பெயர் இருக்கும். ஆனால் அவள் வராத நாட்களிலும் தோழி ஜீனத் அவள் பெயருக்குக் குரல் கொடுத்துவிடுவாள். பரீட்சை அந்தச் சனிக்கிழமைதானா, அதற்கு முந்தியதா? நோட்டு ஒன்று சொல்கிறது. படம் அதையே சொல்கிறது. அவள் தலைக்குள் மட்டும் ஒரு பஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பொண்ணு, ஏதாவது சொல்லணுமா?" என்றார் எஸ்.ஐ.

"இல்லீங் சார்" என்றாள் ரேணுகா.

எஸ்.ஐ. கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

அன்று முழுவதும் அவளுக்கு வேலை ஓடவில்லை. ஹெட்லைட் ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டுக் கழற்றினாள். மாலையில் வகுப்புக்குப் போகாமல் கடையிலேயே இருந்தாள். டீச்சருடைய வண்டியின் அதே மாடல் ஒன்று பெயின்ட் வேலைக்காகப் பின்பக்கம் நின்றது. அதன் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, பூட்டுக் கொக்கியைத் திருப்புளியால் உள்ளே தள்ளினாள். கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக வண்டி நம்பும். தூங்கட்டும் என்று காத்திருந்தாள். பதினேழாம் நம்பர் ஃபியூஸில் மீட்டரின் முனைகளை வைத்துப் பிடித்துக்கொண்டு, முட்டி வலிக்க உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டு புள்ளி நான்கு. ஐந்து நிமிடம். பத்து. பதினைந்து. பதினெட்டாவது நிமிடம், உள்ளே எங்கோ 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். மீட்டரில் பூஜ்ஜியம்.

உடனே அவள் நாச்சிமுத்துவுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, நான் தப்பான ஃபியூஸ்ல குடுத்துட்டனுங். பதினெட்டு நிமிசத்துல கரன்ட் போயிருச்சுங். மூணு மணிக்கு நிறுத்துனாங்கன்னா, மூணு பதினெட்டுக்கு அப்புறம் அந்தக் கேமரா எதையுமே பாக்கலீங்."

"பாக்காமத்தான் பெரியவர் இறங்கறத எடுத்துச்சா?"

"எடுக்கலீங்ணா. கம்பெனி கம்ப்யூட்டர் போட்டுக் காட்டியிருக்குது. பெரியவரு உள்ள இருந்து கதவத் திறந்தா வண்டி முழிக்காதுங். டீச்சர் வந்து சாவியில பூட்டத் திறந்ததும்தான் முழிச்சுருச்சு, கரன்ட் வந்துருச்சு, பாத்தா சீட்டு காலி. ஆளு எப்படியோ இறங்கியிருக்கோணுமில்லீங்? அதனால கடேசி நிமிசத்துல இறக்கி விட்டுருக்குதுங்."

"ரேணுகா, இது ஒரு வண்டில நடந்தது. அந்த வண்டிலயும் அப்படியேதான்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

நிச்சயமா என்ற சொல் வந்தாலே அவளுக்குப் பிடி நழுவிவிடும். மாடல் ஒன்றுதான், வருடம் வேறாக இருந்தால்? பெயின்ட்காரர்கள் ஏதாவது வயரைக் கழற்றியிருந்தால்?

"தெரியாதுங்ணா."

"அப்ப விடியட்டும். ஸ்டேஷன்ல போய் வாய் விட்டுட்டு அப்பறம் இல்லீங்கன்னா கேஸ் நம்ம மேல திரும்பும். காலைல நானும் வர்றேன்."

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இருவரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். விசாரணைக்காக டீச்சருடைய காரை அங்கே வேப்ப மரத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். டீச்சர் இரண்டு நாளாக அதே சேலையில், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

எஸ்.ஐ. முழுவதையும் கேட்டார். பிறகு, "அப்ப படத்துல இருக்கறது அவர் இல்லைங்கறே?"

"மொதப் பதினெட்டு நிமிசம் அவருதானுங். அதுக்கப்பறம் அவரு மாதிரிங்."

"மாதிரின்னா? கோர்ட்டே ஒத்துக்கற படம் அது. நீயே காத்திருந்து அளந்த படமும் எங்கிட்ட இருக்கு."

"அதுலயும் நான் இல்லீங் சார்." ரேணுகா நோட்டை மேஜை மேல் விரித்தாள். "நான் வழக்கமாக் காத்திருப்பேன். அதனால காத்திருக்கற மாதிரி போட்டுருக்குது. நோட்டுல நானும் அப்படித்தான் எழுதி வெச்சிருக்கேன். சொன்னா நம்ப மாட்டீங்க. இதே வண்டில செஞ்சு காட்டறேன். பதினெட்டு நிமிசம் குடுங்."

எஸ்.ஐ. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்தார்.

ரேணுகா டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கொக்கியைத் தள்ளி, மீட்டரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். டீச்சருடைய போன் எஸ்.ஐ.யின் கையில் இருந்தது. அதில் வண்டியின் உட்புறம் தெரிந்தது. குனிந்திருக்கிற ரேணுகா, அவள் கையில் மீட்டர், பக்கத்தில் காலி சீட். நாச்சிமுத்துவும் இரண்டு கான்ஸ்டபிள்களும் சுற்றி நின்றார்கள். டீச்சரும் எழுந்து வந்து எஸ்.ஐ.யின் தோளுக்குப் பின்னால் நின்றார். வேப்பம்பூ கண்ணாடி மேல் உதிர்ந்துகொண்டிருந்தது. வெயில் ஏறியது.

'டிக்.'

"போச்சுங்" என்றாள் ரேணுகா. மீட்டரை எல்லோரும் பார்க்கும்படி திருப்பிக் காட்டினாள். பூஜ்ஜியம்.

எஸ்.ஐ. மீட்டரைப் பார்த்தார். போனைப் பார்த்தார். போனில் படம் ஒரு துளி கூட அசங்கவில்லை. அதில் ரேணுகா குனிந்தபடியே இருந்தாள். அவள் கையிலிருந்த மீட்டரில் பன்னிரண்டு புள்ளி நான்கு என்று பச்சையாக மின்னியது.

"என்னம்மா இது" என்று முணுமுணுத்தார்.

அப்போது பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் போனுக்குள் விரலை நீட்டினார். "சார். சீட்ல."

ரேணுகாவுக்கு அங்கிருந்து போன் தெரியவில்லை. அவர்களுடைய முகங்கள்தான் தெரிந்தன. நாச்சிமுத்து வாயைப் பொத்திக்கொண்டார். எஸ்.ஐ. போனிலிருந்து தலையை நிமிர்த்திக் காருக்குள் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார், மறுபடி காருக்குள். காருக்குள் ரேணுகாவைத் தவிர யாருமில்லை. அவள் மெதுவாகத் திரும்பி இடது சீட்டைப் பார்த்தாள். ரெக்சின் உறை வெயிலில் பளபளத்தது. சீட் பெல்ட் கதவோரம் தொங்கியது.

"உக்காந்திருக்காரு" என்றார் டீச்சர், சாதாரணக் குரலில். "சட்ட பட்டன் சரியாத்தான் இருக்குது."

அவர் சுற்றி வந்து இடது பக்கக் கண்ணாடியருகே குனிந்தார். கையைக் கண்ணாடியில் வைத்தார். "ஏனுங்க" என்றார். "என்னைத் தெரியுதுங்களா?" போனில், சீட்டில் இருந்தவர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பி, தலையசைத்தார் என்று நாச்சிமுத்து பிறகு சொன்னார்.

எஸ்.ஐ. போனை அணைத்தார். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. "மூணு பதினெட்டுல இருந்து" என்று கான்ஸ்டபிளிடம் கத்தினார். "மூணு பதினெட்டுல இருந்து எல்லாக் கேமராவையும் எடு. பஸ்ஸு, கடை எல்லாம். கரன்ட் ஒழுங்கா இருந்த கேமராவாப் பாத்து எடு!"

அரை மணி நேரத்தில் கிடைத்தது. மூன்று முப்பத்தெட்டுக்கு ஒரு டவுன் பஸ்ஸில் அவர் ஏறியிருந்தார். கண்டக்டருக்கு அவரை நன்றாக ஞாபகம் இருந்தது. "மில் ஸ்டாப்னு சொன்னாருங் சார். தெளிவாத்தான் சொன்னாரு. ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சுன்னாரு. அந்த மில்லுதான் மூடி வருசக்கணக்காச்சே, அங்க பக்கத்துல வீடு போலன்னு நெனச்சுட்டேன்."

மூடிப்போன மில்லின் சுற்றுச்சுவர் ஓரிடத்தில் இடிந்து திறந்திருந்தது. உள்ளே பழைய சைக்கிள் ஸ்டாண்ட். தகரக் கூரைக்குக் கீழே, தூணில் சாய்ந்தபடி பத்மநாபன் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது, எழுந்து நடந்திருக்க முடியாது. பக்கத்தில் தண்ணீர் இல்லை. ஏப்ரல் வெயில்.

எஸ்.ஐ. மாலையில் கடைக்கு வந்து அவராகவே சொன்னார். ரேணுகா கேட்கவில்லை.

"நேத்து சாயங்காலம் உயிர் போயிருக்கும்னு டாக்டர் சொல்றார். ஆறு மணிக்கு மேல இருக்காதுன்னு." தொப்பியை எடுத்துக்கொண்டு, "நேத்துக் காலைல உங்கிட்டக் கேட்டேன்" என்றார். திட்டுகிற குரலில் இல்லை. ஜீப்பில் ஏறியபின் திரும்பிப் பார்த்தார். "நானும் அந்தப் படத்தத்தானம்மா நம்பினேன்."

காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு வரை எட்டு மணி நேரம். ரேணுகா அதை எங்கும் எழுதவில்லை. எழுதத் தேவையிருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம், டீச்சரின் கார் கடை வாசலில் வந்து நின்றது. வழக்கு முடிந்திருந்தது. வயரைச் சரியான ஃபியூஸுக்கு மாற்றிச் சான்று வாங்கித் தரும்படி இன்சூரன்ஸ்காரர்கள் கடிதம் அனுப்பியிருந்தார்கள்.

ரேணுகா எழுந்து நின்றாள். என்ன சொல்வதென்று தெரியாமல், "உக்காருங் டீச்சர், தண்ணி குடிக்கறீங்களா?" என்றாள்.

"வேண்டாம் கண்ணு." டீச்சர் இளைத்திருந்தார். கன்னத்து வீக்கம் வடிந்திருந்தது. "உன்னத் திட்ட வரல, பயப்படாத. திட்டறதுன்னா மொதல்ல என்னத்தான் திட்டிக்கோணும். நாலு தடவ பாத்தேன். கட்டின பொண்டாட்டி நாலு தடவ பாத்தும் அவரில்லேன்னு தெரியல."

"என்னாலதானுங்..."

"செரி, இந்தா." கடிதத்தை நீட்டினார். ரேணுகா கடிதத்தைப் பிடித்த பிறகும் டீச்சர் அதை விடவில்லை. "அம்மிணி, மாத்தாம மாத்திட்டேன்னு எழுதிக் குடுப்பியா?"

ரேணுகாவுக்குப் புரியவில்லை.

"தெனமும் சாயங்காலம் வண்டிய வாசல்ல நிறுத்திப் பூட்டிட்டு உள்ள போயிருவேன். மொதல்ல சீட்டு காலியாத்தான் தெரியும். காபி போட்டுக் குடிச்சுட்டு, பாத்திரம் கழுவி வெச்சுட்டுப் பாத்தா, கரன்ட் போனதும் வந்து உக்காந்துக்கறாரு."

"டீச்சர், அது அவரில்லீங். கம்ப்யூட்டர் பழைய படமெல்லாம் வெச்சு ஒரு கணக்குப் போட்டு..."

"முப்பது வருசம் கணக்கு வாத்தியாரு நான். எனக்கே கணக்கு சொல்லித் தர்றியா?" டீச்சர் சிரித்தார். "கடேசி ஒரு வருசம் எம் பேரு அவருக்குத் தெரியாது. என்னப் பாத்து, நீங்க யாருங்கம்மான்னு கேட்டாரு. அப்ப மட்டும் என்னவாம்? பழசயெல்லாம் வெச்சு, இதுதான் அவருன்னு நானாத்தான் கணக்குப் போட்டுட்டு இருந்தேன்."

ரேணுகா மெதுவாகக் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பொய் எழுத முடியாதுங் டீச்சர். இன்னொருக்கா என்னால முடியாதுங்."

டீச்சர் கைப்பையைத் திறந்தார். பிறகு சாவியைக் கொடுத்தார். "செரி. உன் வேலயச் செய்."

கதவைத் திறந்தாள். கொக்கியைத் தள்ளினாள். சரியான ஃபியூஸைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் வண்டி தூங்கியாக வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து காத்திருந்தாள். டீச்சர் கடையின் தகர நிழலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டு நேரம், தெருவில் நடமாட்டமே இல்லை. எதிர்க்கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

பதினெட்டாவது நிமிடம் 'டிக்' என்றது. மற்ற ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக அளந்தாள். இரண்டாம் நம்பரில் பன்னிரண்டு புள்ளி நான்கு. இதுதான். பதினேழிலிருந்து வயரைப் பிடுங்கி இதில் சொருக வேண்டும், அவ்வளவுதான். ஒரு நிமிட வேலை. பதினேழாம் நம்பரின் மேல் விரல்களை வைத்தாள். லேசாக இழுத்தாலே வந்துவிடும்.

"அம்மிணி."

டீச்சரின் குரல் தாழ்ந்திருந்தது. குழந்தை இருக்கிற அறையில் பேசுவதுபோல.

"மெதுவா. இப்பத்தான் கண்ண மூடினாரு."

ரேணுகா இடது பக்கம் திரும்பவில்லை. சீட் காலி என்று அவளுக்குத் தெரியும். வெயிலில் காய்ந்த ரெக்சின் வாசனை வந்தது. தன் மூச்சு மட்டும் கேட்டது. அது தன்னுடைய மூச்சுதான் என்று சொல்லிக்கொண்டாள். இன்னொருதரம் காது கொடுத்துக் கேட்டாள். விரல்கள் அப்படியே இருந்தன. எவ்வளவு நேரம் என்று அவள் பார்க்கவில்லை.

பிறகு விரல்களை எடுத்தாள். முழங்கை பக்கத்து சீட்டில் பட்டுவிடாமல், செருப்பு தரையில் உரசாமல், பின்னோக்கி அடி அடியாக வெளியே வந்தாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தினால் சத்தம் கேட்கும்.

தகர நிழலுக்கு வந்து டீச்சரின் பக்கத்தில் குந்தினாள். தொண்டையைச் செருமக்கூடத் துணியாமல், அவர் காதருகே கேட்டாள்:

"எவ்வளவு நேரமுங் தூங்குவாரு?"